கணக்கில் வராத இரண்டு

விடியுமுன்பே டயர்களில் காற்றைப் பாதி இறக்கிவிட்டான் எஃப்ராயிம்.
மணலில் ஏற வண்டி கொஞ்சம் தளர வேண்டுமாம்.
வால்விஸ் பே நகரத்து விளக்குகள்
பின்னால் ஒவ்வொன்றாய் மூடுபனிக்குள் போயின.
வலப்பக்கம் அட்லாண்டிக்.
பார்வைக்கு இல்லை, இரைச்சல் மட்டும்.

முன்சீட்டில் டோர்காஸ்.
மடியில் நோட்டு, உள்ளங்கையில் எண்ணும் கருவி:
கட்டைவிரலால் ஒரு சொடுக்கு, ஒரு பறவை.
அவளுக்கு இது சம்பளம்.
எனக்கு விடுமுறை.
விண்ட்ஹூக்கில் ஒரு வங்கியின் இரண்டாம் மாடியில்
கடன் கேட்டு வருகிறவர்களில்
யார் நொண்டுகிறார், யார் நடிக்கிறார் என்று
பிரித்துச் சொல்லும் வேலையிலிருந்து
நான்கு நாள்.

முதல் மணல்மேட்டின் விளிம்பில்
கறுப்பு வண்டுகள் தலைகுப்புற நின்றிருந்தன,
பின்புறத்தைப் பனிக்குத் தூக்கிக்கொடுத்து.
முதுகு நனைந்து, ஈரம் திரண்டு,
துளி உருண்டு வாய்க்கு வரும்வரை
ஒரு கால்கூட அசையவில்லை.
என் லென்சிலும் அதே பனிதான்.
சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து
வீணாக்கிக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்குச் செத்த கடல்நாய் ஒன்று, அதன்மேல் இரண்டு நரிகள்.
ஒன்று நிமிர்ந்து என்னைப் பார்த்தது,
சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தட்டியவனைப் பார்ப்பதுபோல.
எட்டரைக்கு ஆலாக்கள்.
கூட்டம் எழும்பி இறங்குவதற்குள்
நாற்பத்தொன்று என்றாள் டோர்காஸ்.
நான் எண்ணியதில் முப்பதோ ஐம்பதோ.

பத்து மணிக்குப் பனி விலக
இரண்டு மேடுகளுக்கு நடுவே, பள்ளத்தில்
அது வந்தது.
வெள்ளை நெற்றி, ஒரு பிடி உடம்பு.
உப்புக்கொத்தி.
ஓடியது. விழுந்தது.
இடது சிறகை முறிந்த குடைக்கம்பிபோல்
மணலில் இழுத்துக்கொண்டு போய்
நின்று, திரும்பி,
நான் வருகிறேனா என்று பார்த்தது.

போனேன்.
முழங்கையால், வயிற்றால்,
வாய்க்குள் மணல் நறநறக்கப் போனேன்.
சாய்ந்த வெளிச்சம், விரிந்த வால்,
இறகின் விளிம்பில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக.
பாவம் என்று நினைத்தேன்.
நினைத்துக்கொண்டே அமுக்கினேன்.
நானூற்றுப் பதினேழு படங்கள்.

ராத்திரி எஃப்ராயிம் மீன் வறுத்தான்.
டோர்காஸ் நாரா விதைகளைக் கடித்துத் துப்பியபடி
திரையைப் பார்த்தாள்.
நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை.
"எந்தப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போச்சு?"
"கடல் பக்கம்."
"அப்ப உனக்குப் பின்னாலதான் இருந்திருக்கும்.
அந்தச் சிறகுக்கு ஒண்ணும் ஆகல."

முதல் படத்துக்கும் முன்னால்
ஒரு படம் இருந்தது.
விழுந்து படுக்கும்போது தவறி அமுங்கியது:
கோணலாய் என் சட்டைக் கை,
என் பூட்ஸ் தடம்,
குதிகாலிலிருந்து ஒரு சாண் தள்ளி
வெறும் மணல்.
அவள் பெரிதாக்கினாள்.
இன்னும் பெரிதாக்கினாள்.
மணலுக்குள் பாதி புதைத்து
மணல் நிறத்திலேயே
இரண்டு முட்டைகள்.
மூடிவிட்டுத்தான் வந்திருக்கிறது,
என் முன்னால் விழ.

பன்னிரண்டு வருஷம்
மேஜைக்கு எதிரே நொண்டியவர்களை எல்லாம்
கண்டுபிடித்தவன் நான்.

எஃப்ராயிம் அடுப்பை அணைத்தான்.
சொடுக்கு.
சொடுக்கு.
பிறகு என்ன நினைத்தாளோ,
கருவியை இரண்டு எண் பின்னுக்குத் திருப்பினாள்.
"நாளைக்குப் பார்த்துட்டு எழுதுறேன்."

மறுநாள் காற்று.
எங்கள் தடம் ஒன்றுகூட மிச்சமில்லை.
பள்ளத்துக்கு வெகுதூரத்தில் வண்டியை நிறுத்தி
கண்ணாடியை ஒரு விரல் மட்டும் இறக்கி
தொலைநோக்கியை அதில் பொருத்தினாள்.
என் கேமரா பைக்குள்ளேயே இருந்தது.
நான் பள்ளத்தைப் பார்க்கவில்லை.
அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியில் பனி திரண்டு ஒரு துளி வழிந்தது.
அதன் பின்னால் இன்னொன்று.
கடல் இரைந்துகொண்டிருந்தது,
ஒரு சின்னச் சொடுக்குச் சத்தம்
கேட்காமல் போய்விடும் அளவுக்கு.